தொடர்தலும் தாழ்த்தலும்

ஒரு காரியத்தைத் துணிந்து தொடங்கிவிட்ட மனிதன், அதன் அடுத்த படியையும் அதே வேகத்தோடு செய்தே தீரவேண்டுமா? அன்றி, சிறிது நின்று பார்த்து, காலம் வாய்த்த பின்னர்ச் செய்தல் தகுமா? தொடங்கியதைத் தொடர்தல் உறுதியென்று போற்றப்படுகின்றது. இடையில் நிற்றல் கோழைமையென்று தூற்றப்படுகின்றது. ஆனால் உலக நடையை உற்று நோக்குவார்க்கு, உறுதியென்று பெயர் பூண்டு உலவுவதிற் பெரும்பகுதி வெறும் பிடிவாதமே என்பதும், கோழைமையென்று இகழப்படுவதிற் பெரும்பகுதி நல்லறிவே என்பதும் புலனாகும். இவ்விரண்டையும் பிரித்தறியும் அளவுகோல் யாது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் பொருள்.

இதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் சான்று சிலருக்கு வியப்பையும் சிலருக்கு வெறுப்பையும் தரக்கூடும். அது போக்கர் என்னும் சீட்டாட்டம். சீர்திருத்தம் பேசும் ஏட்டில் சூதாட்டத்திற்கு என்ன வேலையென்று வாசக அன்பர்கள் கேட்பது முறையே. சூதை நாம் போற்றப் புகவில்லை. அதனால் அழிந்த குடும்பங்களை நம் மக்கள் நன்கறிவர். ஆனால் நஞ்சின் இயல்பை அறிந்தவனே நல்ல மருத்துவனாதல் கூடும். திருக்குறளில் சூதைக் கண்டிக்க 94-ஆம் அதிகாரத்தை ஒதுக்கிய வள்ளுவரே, அதே பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என 48, 49, 50-ஆம் அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கின்றார். நாம் கூற எடுத்துக்கொண்ட ஆட்டமோ இம்மூன்றாலேயே ஆனது. கையிலுள்ள சீட்டின் வலி, பந்தயம் வைக்கும் காலம், மேசையில் அமர்ந்திருக்கும் இடம் என்னும் மூன்றையும் அறியாதவன் அதில் ஒரு நாழிகையும் நிலைக்கமாட்டான். ஆகவே, பழிக்கத்தக்க ஓர் ஆட்டத்தினின்றும் பழிக்கத்தகாத ஓர் அறிவைப் பிரித்தெடுக்க முயல்வோம்.

முதற்கண், ஆட்டம் அறியாதார் பொருட்டு அதன் முறையைச் சுருங்கக் கூறுவோம். போக்கர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரிலும் மிசிசிப்பி ஆற்று நீராவிக் கப்பல்களிலும் வளர்ந்தது. இன்று உலகெங்கும் மிகுதியாக ஆடப்படுவது அதன் ஒரு வகையாகிய டெக்சாஸ் ஹோல்டெம். 2007-இல் டெக்சாஸ் சட்டமன்றத்தார் ராப்ஸ்டவுன் என்னும் ஊரை அதன் பிறப்பிடமாக ஏற்றுத் தீர்மானம் செய்தனர். ஆடுவோர் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். அப்போதே முதற் பந்தயச் சுற்று நிகழும். பின்னர் மூன்று சீட்டுகள் மேசை நடுவில் யாவரும் காணத் திறந்து வைக்கப்படும். இதற்கு ஃபிளாப் என்று பெயர். பின் டர்ன் என்னும் நான்காம் சீட்டும், ரிவர் என்னும் ஐந்தாம் சீட்டும் ஒவ்வொன்றாகத் திறக்கப்படும். ஒவ்வொரு முறையும் பந்தயம் உண்டு. ஒருவன் பந்தயம் வைக்கலாம், வைக்காது தன் முறையைச் சும்மா விடலாம், இதனைச் செக் என்பர், பிறன் வைத்ததை ஈடு செய்யலாம், மேலும் ஏற்றலாம், அல்லது சீட்டைக் கீழே வைத்து விலகலாம். எல்லோரும் விலகிவிட்டால், எஞ்சியவன் தன் சீட்டைக் காட்டாமலே நடுவிலுள்ள தொகையை எடுத்துக்கொள்வான். இவ்விதி ஒன்றே இந்த ஆட்டத்தின் உயிர்நாடி. வலியவன் மட்டும் வெல்வதில்லை. வலியவனாகத் தோன்றுபவனும் வெல்கின்றான்.

இனித் தொடர் பந்தயம் என்பது யாதெனில், முதற் சுற்றில் ஏற்றிப் பந்தயம் வைத்து 'என் கை வலிது' என்று அறிவித்தவன், ஃபிளாப் திறந்தபின் அச்சீட்டுகள் தனக்கு உதவினாலும் உதவாவிட்டாலும் மீண்டும் பந்தயம் வைத்து அந்த அறிவிப்பைத் தொடர்வதாம். 1995-இல் போக்கர் உலகப் பெரும்போட்டியில் வென்ற டான் ஹாரிங்டன், 2004-இல் வெளியிட்ட நூலின் வழியே இச்சொல் ஆடுவோரிடையே பெரிதும் பரவியது. இதன் கணக்கு எளிது. கையிலுள்ள இரண்டு சீட்டும் ஒன்றோடொன்று சேராதவையாயின், ஃபிளாப்பின் மூன்று சீட்டுகளுள் ஒன்றேனும் அவற்றுள் ஒன்றோடு இணை சேர்வது நூற்றுக்கு ஏறத்தாழ 32 முறையே. ஆகவே எதிராளி மூன்றில் இரண்டு முறை வெறுங்கையனாகவே இருப்பான். நடுவில் 100 வெள்ளி கிடக்க, நாம் 50 வெள்ளி பந்தயம் வைத்தால், மூன்றில் ஒரு முறை அவன் விலகினாலே நமக்கு நட்டமில்லை. அதனினும் மிகுதியாக விலகினால் ஆதாயமே. இக்கணக்கைக் கண்ட பலர், ஏற்றியவன் எப்போதும் தொடரவேண்டும் என்பதை ஒரு வேதவாக்காகக் கொண்டனர்.

ஆனால் எல்லோரும் அறிந்த தந்திரம் தந்திரமாகாது. எப்போதும் தொடர்பவனது தொடர்ச்சிக்குப் பொருளில்லை. அவனும் எதிராளியைப் போலவே மூன்றில் இரண்டு முறை வெறுங்கையன் என்பதை மேசையிலுள்ளார் விரைவில் உணர்ந்துகொள்வர். உணர்ந்தபின் அவன் மிரட்டலை ஈடு செய்வர். அன்றி, தாம் செக் செய்வது போற் காட்டி, அவன் பந்தயம் வைத்ததும் ஏற்றியடித்து அவனைத் துரத்துவர். இந்நிலையிலேதான் தாழ்த்திய தொடர் பந்தயம் என்னும் முறை தோன்றியது. முதலில் ஏற்றியவன் ஃபிளாப்பில் சும்மா விடுகின்றான். டர்ன் சீட்டு திறந்து, எதிராளி மறுபடியும் செக் செய்தால், அப்போது பந்தயம் வைக்கின்றான். ஒரு சுற்றுக் காத்திருந்தமையால் அவன் பெறுவது ஒரு சீட்டு மட்டுமன்று. எதிராளி இரண்டு முறை மௌனம் சாதித்தான் என்னும் செய்தியும் ஆகும். ஒரு முறை மௌனம் தந்திரமாக இருக்கலாம். இரண்டு முறை மௌனம் பெரும்பாலும் மெலிவே.

எக்காலத்துத் தாழ்த்துதல் நன்று? இதற்கு மூன்று நிலைகள் கூறுவோம். முதலாவது, கை நடுத்தரமாயிருக்கும் நிலை. நம்மிடம் இரண்டு ஒன்பதுகள் இருக்கின்றன. ஃபிளாப்பில் ராஜா, ஏழு, இரண்டு வந்தன. இப்போது நாம் பந்தயம் வைத்தால், நம்மினும் மெலிந்தவர் விலகிவிடுவர். ராஜா வைத்திருப்பவரோ விலகமாட்டார். தோற்க வேண்டியவரைத் துரத்திவிட்டு, வெல்லக்கூடியவரை மட்டும் நம்மோடு வைத்துக்கொள்ளும் அறியாமை அது. சும்மா விட்டுப் பார்த்து, அடுத்த சீட்டிலும் எதிராளி மௌனமாயிருந்தால், அவனிடம் ராஜா இருத்தல் அரிது என்று தெளிந்து அப்போது பந்தயம் வைப்பதே அறிவு.

இரண்டாவது, களம் நமக்குரியதன்று என்னும் நிலை. நாம் ஏஸும் ராஜாவும் கொண்டு ஏற்றினோம். ஃபிளாப்பில் எட்டு, ஏழு, ஆறு வந்தன. சிறு சீட்டுகளோடு ஈடு செய்து உள்ளே வந்தவனுக்கே இத்தகைய களம் மிகுதியும் பொருந்தும். அங்கே நாம் முரசடித்தால் அவன் ஏற்றியடிப்பான். நாம் விலகவேண்டி வரும். சும்மா விட்டால், செலவின்றி அடுத்த சீட்டைக் காணலாம். எஞ்சிய 47 சீட்டுகளுள் மூன்று ஏஸும் மூன்று ராஜாவுமாக ஆறு சீட்டுகள் நமக்கு உதவும். மூன்றாவது, கை மிக வலிதாயும் எதிராளிக்கு ஒன்றுமே இல்லாததாயும் உள்ள நிலை. மூன்று ஏஸுகள் நம் வசமாகி, களத்தில் வேறு அச்சமில்லையாயின், உடனே அடித்தால் அவன் ஓடிவிடுவான். சிறிது விட்டால் அவனும் ஏதோ ஒன்றைப் பெற்று நிற்பான். இம்மூன்றாம் நிலையின் அறம் பற்றிப் பின்னர்ப் பேசுவோம்.

தாழ்த்துதலுக்கு விலையும் உண்டு என்பதை மறைத்தல் நேர்மையன்று. நம் கையில் ஏஸும் ராஜாவும் இருக்க, ஃபிளாப்பில் ராஜாவோடு ஒரே இனத்துச் சீட்டுகள் இரண்டு கிடக்கின்றன என்று கொள்வோம். எதிராளியிடம் அவ்வினத்துச் சீட்டு இரண்டு இருந்தால், அவனுக்கு வேண்டிய ஐந்தாவது சீட்டு அடுத்ததாகவே வருவதற்கு 47-இல் 9 வாய்ப்புகள் உண்டு. அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 19. நாம் சும்மா விட்டால் அந்த 19-ஐ அவனுக்கு இலவசமாக அளித்தவராவோம். அங்கே பொறுமை அறிவாகாது, சோம்பலே ஆகும். ஆகவே எப்போதும் தொடர்பவனும் பேதை. எப்போதும் தாழ்த்துபவனும் பேதை.

இதனைக் கணிதவறிஞரும் ஆராய்ந்திருக்கின்றனர். ஹங்கேரியிற் பிறந்த ஜான் வான் நாய்மன் 1928-இல் ஆட்டங்களின் இயலைப் பற்றி ஓர் ஆய்வுரை வெளியிட்டார். 1944-இல் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்ன் என்பாரோடு சேர்ந்து பெருநூலொன்று எழுதி, அதில் போக்கருக்கெனத் தனிப்பகுதி வகுத்தார். சுருக்கி அமைத்த ஒரு போக்கரை வைத்து அவர் கண்ட முடிவு சிந்திக்கத்தக்கது: மிக வலிய கையோடும் பந்தயம் வைக்கவேண்டும்; மிக மெலிந்த கையோடும் சில வேளை மிரட்டவேண்டும்; நடுத்தரக் கையோடு சும்மா இருத்தல் வேண்டும். 2017-இல் பிட்ஸ்பர்க் நகரில் லிப்ராட்டஸ் என்னும் கணினி நிரல், தேர்ந்த ஆட்டக்காரர் நால்வரை 20 நாட்களில் 1,20,000 கைகள் ஆடி வென்றது. இத்தகைய பொறிகளுக்குத் தன்மானம் இல்லை; 'நேற்று ஏற்றினோமே, இன்று இறங்கினால் சிரிப்பார்களே' என்னும் கூச்சமும் இல்லை. ஆதலின் தொடரவேண்டிய இடத்தில் தொடர்கின்றன. விடவேண்டிய இடத்தில் விடுகின்றன. மனிதன் தடுமாறுவது பெரும்பாலும் கணக்கறியாமையாலன்று, கூச்சத்தாலும் செருக்காலுமே.

நிற்க. இனி நம் வினாவிற்கு வருவோம். முன்பு வலி காட்டினோம் என்பதற்காக இன்றும் வலி காட்டக் கடமைப்பட்டிருக்கின்றோமா?

ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். மகள் ஒரு பாடத்தில் தேறவில்லை. மதிப்பெண் தாளைக் கண்ட தந்தை வெகுண்டு, 'இனி உனக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம். அடுப்படியே போதும்' என்று அயலார் கேட்கக் கூறிவிடுகின்றார். அது ஃபிளாப்புக்கு முன் ஏற்றிய பந்தயம். மறுநாள் பொழுது விடிகின்றது. சினம் தணிந்திருக்கின்றது; மகள் அழுத முகத்தோடு நிற்கின்றாள்; தாய் ஒன்றும் பேசாமல் காப்பியைக் கொண்டுவந்து வைக்கின்றாள். தாம் கூறியது தவறென்று தந்தையின் உள்ளத்திற்குத் தெரியும். ஆயினும், 'சொன்ன சொல் மாறலாமா?' என்று தமக்குத்தாமே கூறிக்கொண்டு, பையையும் புத்தகத்தையும் எடுத்து உள்ளே வைக்கச் சொல்கின்றார். இது தொடர் பந்தயம். கையில் ஒன்றுமில்லை, நேற்றுக் காட்டிய வீறாப்பு ஒன்றே உண்டு. ஆயின் இங்கே நடுவிற் கிடப்பது வெள்ளியன்று. ஒரு பெண்ணின் வாழ்வு.

'சொன்ன சொல் காத்தல் அறமன்றோ?' என்று கேட்கலாம். இங்கேதான் நாம் இரண்டை வேறுபடுத்தல் வேண்டும். வாக்குக் கொடுத்தல் வேறு. வலி காட்டல் வேறு. வாக்கு என்பது பிறனொருவன் நம்பித் தன் காரியத்தை அதன்மேற் கட்டும்படி நாம் அளிப்பது. கடனைத் திங்கள் முதல் நாள் தருவோம் என்றோம். அவன் அதனை நம்பி அரிசிக்குச் சொல்லி வைத்தான். அதனை மீறினால் இழப்பவன் அவன். ஆகவே வாக்கு நம்மைக் கட்டும். நமக்கு நட்டம் வரினும் கட்டும். வலி காட்டலோ எவருக்கும் அளித்த கொடையன்று. அச்சுறுத்தலை ஒருவன் கைவிட்டால் அதனால் எவன் இழக்கின்றான்? அந்தத் தந்தை மறுநாள் மௌனமாயிருந்து, மகளைப் பள்ளிக்குப் போகவிட்டிருந்தால் கெடுவது யாருடைய உடைமை? அவருடைய வீறாப்பு ஒன்றே. ஆகவே நாம் கூறும் முதல் விதி இது: பிறர் நம்பியதற்கு நாம் கடன்பட்டவர், பிறரை அஞ்சச் செய்ததற்குக் கடன்பட்டவரல்லோம்.

'அப்படியாயின் பெற்றோர் சொல்லுக்கு மதிப்பேது? ஒரு முறை இறங்கினால் பிள்ளைகள் எப்போதும் ஏறிவிடுவார்களே' என்பர் சிலர். இதற்கும் அச்சீட்டு மேசையே விடை தருகின்றது. எப்போதும் தொடர்பவனது பந்தயத்தை எவரும் மதிப்பதில்லை என்று கண்டோம். நாள்தோறும் உறுமுகின்ற தந்தையின் உறுமலும் அத்தகையதே. பிள்ளைகள் அதன் உள்ளீட்டை எட்டு வயதிலேயே அளந்துவிடுவர். காத்திருந்து, கண்டறிந்து, வேண்டிய இடத்தில் ஒருமுறை உறுதியாகக் கூறுபவரின் சொல்லே எடையுடையது. மகளை ஒரு வாரம் கழித்து அருகில் அமர்த்தி, 'எந்தப் பாடம் கடினமாயிருக்கின்றது? மாலையில் யாரிடம் கற்பிக்கச் சொல்வோம்?' என்று கேட்கும் தந்தை இறங்கியவரல்லர், காலமறிந்து பேசியவர். வள்ளுவர் காலம் பார்த்திருப்போனுக்குக் கொக்கையும், பின்வாங்கி நிற்கும் ஆட்டுக்கடாவையும் உவமை காட்டினார். அவற்றின் ஒடுக்கத்தை அச்சமென்று எண்ணுபவனே ஏமாறுவான்.

தொடர்தலின் அடிமைத்தனத்தைப் பாரதக் கதையிலும் காண்கின்றோம். தருமன் முதலில் பொருளை வைத்தான், தோற்றான். அங்கே நின்றிருக்கலாம். ஆனால் வைத்த ஒவ்வொரு பணயமும் அடுத்த பணயத்தை இழுத்தது. நாட்டை வைத்தான், தம்பியரை வைத்தான், தன்னை வைத்தான், இறுதியில் திரௌபதியையும் வைத்தான். அவனை அறத்தின் உருவென்று புகழ்வாரை நாம் ஒன்று கேட்போம்: மனைவியைப் பணயமாக வைக்கும் உரிமையை அவனுக்கு அளித்தவர் யார்? அவன் தொடர்ந்தது சத்திரிய தருமமென்று உரைகாரர் கூறலாம். நாம் கூறுவது, நிறுத்தத் தெரியாத ஒருவனது நாணமே அன்று தருமமென்னும் போர்வை போர்த்துக்கொண்டது என்பதே. அவன் நாணத்திற்கு விலை கொடுத்தவள் வேறொருத்தி. பிடிவாதத்தின் இயல்பு எக்காலத்தும் இதுவே. பிடிப்பவன் ஒருவன், இழப்பவர் மற்றொருவர்.

இரண்டாவது வினா, மௌனம் பொய்யாகுமா என்பது. மூன்று ஏஸுகளை வைத்துக்கொண்டு ஒன்றுமில்லாதவன் போற் சும்மா இருத்தல் வஞ்சனையன்றோ? மேசையைப் பொறுத்தவரை அன்று என்பதே நம் கருத்து. சீட்டை மறைத்து ஆடுவோம் என்று யாவரும் உடன்பட்டே அமர்ந்தனர். அவனவன் மௌனத்தை அவனவனே எடை போடவேண்டும் என்பதும் அவர்கள் அறிந்த விதி. அறிந்து உடன்பட்டவனை மௌனம் வஞ்சிப்பதில்லை. ஆனால் வாழ்வில் யாரும் அப்படி உடன்பட்டு வந்தமர்வதில்லை. மாப்பிள்ளைக்குள்ள நோயை மறைத்துத் திருமணம் பேசும் வீட்டாரும், நிலத்தின்மேல் உள்ள கடனைச் சொல்லாது விற்பவனும், 'நாங்கள் பொய் கூறவில்லையே, கேட்கவில்லை, கூறவில்லை' என்று வாதிடுவர். எதிரில் இருப்பவனுக்கு அறியும் உரிமை உள்ள இடத்தில் வாய்மூடியிருத்தல் பொய்யின் உடன்பிறப்பே. ஆகவே இரண்டாம் விதி: நம் வலியை மறைத்தல் அடக்கமாகலாம், பிறன் அறியவேண்டிய உண்மையை மறைத்தல் திருட்டேயாம்.

மூன்றாவதாக ஒரு மறுப்பைக் கூறவேண்டும். அது நம் மக்களுக்கு மிக அணுக்கமானது. பொறுத்திருத்தல் நன்று என்கின்றோம். ஆனால் யாருக்கு நன்று? போக்கர் மேசையில் கடைசியாகப் பேசும் இடம் ஒன்று உண்டு. பிறர் யாவரும் செய்ததைக் கண்டபின் தன் முடிவைச் செய்யும் வாய்ப்பு அவ்விடத்தானுக்கு உண்டு. அவனுக்குத் தாழ்த்துதல் எளிது. அவன் சும்மா விட்டால் அடுத்த சீட்டு உடனே திறக்கும். முதலிற் பேசவேண்டிய இடத்தில் இருப்பவனோ சும்மா விட்டால், அவன் மௌனத்தைப் பின்னால் இருப்பவன் கண்டு, மேலே பாய்ந்துவிடுவான். ஒரே பொறுமை, ஒருவனுக்கு வலிமை, மற்றவனுக்கு ஆபத்து. இடனறிதல் என்பதன் பொருள் இதுவே.

வாழ்வில் கடைசியிற் பேசும் இடத்தில் அமர்ந்திருப்பவர், பெரும்பாலும் செல்வரும் அதிகாரமுடையோருமே. அவர்கள் ஏழைக்குப் பொறுமையை உபதேசிப்பதில் வியப்பில்லை. கூலி உயர்வு கேட்டபோதெல்லாம், 'காலம் வரட்டும்' என்னும் விடையைத் தோட்டத் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகக் கேட்டிருக்கின்றனர். தாழ்ந்த சாதியென்று ஒதுக்கப்பட்டோர் கோயிலுள் நுழைய உரிமை கேட்டபோதும், கைம்பெண் மறுமணம் கேட்டபோதும் கூறப்பட்ட விடை அதுவே. அக்காலம் தாமாக வந்ததில்லை. அநீதி செய்பவனுக்கு நாம் அளிக்கும் ஒவ்வொரு தாமதமும் அவனுக்கு இலவசச் சீட்டு. அவன் அதனைக் கொண்டு தன் கையை வலுப்படுத்திக் கொள்வான். ஆகவே நாம் தாழ்த்துதலைப் புகழ்வது கண்டு, எல்லாப் பொறுமையையும் புகழ்ந்தோம் என்று எவரும் கொள்ளவேண்டா. நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இத்தாமதத்தால் அறிவு பெறுவது யார், வலிவு பெறுவது யார்? நாம் அறிவு பெறுகின்றோமாயின் பொறுப்போம். எதிரி வலிவு பெறுகின்றானாயின், அன்றே பேசுவோம். மூன்றாம் விதி இதுவே.

இவ்வளவும் கூறியபின், மேசையையும் வாழ்வையும் ஒன்றென்று வாசகர் எண்ணிவிடாதபடி ஒரு வேறுபாட்டைக் கூறிக் கடமை தீர்ப்போம். போக்கரில் ஒருவன் பெறுவது மற்றவன் இழந்ததே. ஒரு வெள்ளியும் அங்கே புதிதாக விளைவதில்லை. சூதாட்ட விடுதியில் ஆடினாலோ, நடுத்தொகையில் ஒரு பங்கை விடுதிக்காரர் எடுத்துக்கொள்வதால், ஆடுவோர் அனைவரும் சேர்ந்து இழந்தவராகவே எழுவர். அங்கே காத்திருப்பவன் பிறனை வீழ்த்தக் காத்திருக்கின்றான். வீட்டிலும் ஊரிலும் நாம் காத்திருப்பதோ பிறன் உள்ளத்தை அறிவதற்கு. அத்தந்தை பெற்ற ஒரு வாரக் காலம் மகளை வெல்வதற்கன்று, மகளை அறிவதற்கு. ஒரே செயல், நோக்கத்தால் இருவேறாகின்றது.

இன்னுமொன்று. 1971-இல் கெந்திங் மலையிலும், 2010-இல் சிங்கப்பூரின் இரு இடங்களிலும் சூதாட்ட விடுதிகள் திறக்கப்பட்டன. சிங்கப்பூர் அரசாங்கம் தன் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அவற்றுள் நுழையக் கட்டணம் விதித்தது. தொடக்கத்தில் 100 வெள்ளியாயிருந்த ஒருநாட் கட்டணம் 2019-இல் 150 வெள்ளியாக உயர்ந்தது. குடும்பத்தார் விண்ணப்பித்துத் தம் உறவினனை உள்ளே விடாதபடி தடையாணை பெறவும் அங்கே சட்டம் இடமளிக்கின்றது. இவையெல்லாம் எதற்கு? விட்டதைப் பிடிக்கலாம் என்று மீண்டும் மீண்டும் வைப்பவனைத் தடுப்பதற்கே. நாம் மேலே கூறிய கணக்குகளைக் கற்றுக்கொண்டு, 'இனி நானும் காலமறிந்து ஆடுவேன்' என்று எவரேனும் அங்கே புறப்பட்டால், இக்கட்டுரையை அவர் தலைகீழாகப் படித்தவராவார். இழந்த பணம் இழந்ததே. அது நமக்கு எந்த வாக்கும் அளிக்கவில்லை, நாமும் அதற்கு எந்தக் கடனும் படவில்லை. சம்பள நாளன்று பணத்தோடு வீட்டிற்குத் திரும்பும் தொழிலாளிக்கும், ஊக்கத்தொகை பெற்ற நகரத்து எழுத்தருக்கும் நாம் கூறத்தக்க தாழ்த்திய பந்தயம் ஒன்றே: இன்று வேண்டாம் என்று தாழ்த்துங்கள், நாளையும் அவ்வாறே தாழ்த்துங்கள்.

முடிவாக, தொடர்வதா தாழ்த்துவதா என்று உள்ளம் தடுமாறும்போது மூன்று வினாக்களை வாசக அன்பர்கள் தம்மைத்தாமே கேட்டுக்கொள்வார்களாக. நாம் தொடர நினைப்பது, ஒருவன் நம்பியிருக்கும் வாக்கையா, நாம் காட்டிய வீறாப்பையா? நாம் வாய்மூடியிருப்பதால் அறியும் உரிமையுள்ள எவரேனும் ஏமாறுகின்றாரா? இத்தாமதம் நமக்கு அறிவைத் தருகின்றதா, தீயோனுக்கு வலிவைத் தருகின்றதா? இவற்றிற்கு நேர்மையாக விடை கண்டபின் தொடர்பவன் பிடிவாதக்காரனல்லன், தாழ்த்துபவன் கோழையுமல்லன்.

அந்த மகளின் புத்தகப் பை இன்றும் எத்தனையோ வீடுகளில் உள்ளே எடுத்து வைக்கப்பட்டிருக்கின்றது. நேற்றுக் கூறிய ஒரு சொல்லைத் தவிர வேறு காரணம் அதற்கில்லையாயின், அதனை எடுத்து வெளியே வைப்பதற்கு இன்று காலையே தக்க காலம்.